கொல்லிமலையில் சாதாரண லாட்ஜில் குடும்பத்தோடு தங்கலாமா? ரிவ்யூ எல்லாம் பயமுறுத்துகிறதே?

தாராளமாகத் தங்கலாமுங்க. அந்த ரிவ்யூக்கள்தான் எரிச்சலைக் கிளப்புகின்றன. "சுடுதண்ணி வரல, டிவி ஓடல, ராத்திரி ஒன்பது மணிக்குச் சாப்பாடு இல்லைன்னுட்டாங்க" என்று ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போகிறவர்கள், கிளம்பும் முன் ஒரு போன் போட்டு நாலு கேள்வி கேட்டிருந்தால் பாதிக் குறை அங்கேயே தீர்ந்திருக்கும். லாட்ஜ்காரனுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று கமெண்டில் வருவீங்க. எனக்கு அந்த மலையில் ஒரு செங்கல்கூடக் கிடையாது.

நீங்கள் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ குழந்தைகளோடு, சொந்தக் காரில், சனி ஞாயிறு பார்த்து வருகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் சுடுதண்ணி. சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும். செம்மேடு, சோளக்காடு பக்கத்துச் சின்ன லாட்ஜ்களில் ஒன்று ரூமுக்கு ஒரு கீசர் இருக்கும், இல்லையென்றால் கொல்லைப்புறம் விறகடுப்பில் அண்டா கொதிக்கும். கீசர் இருக்கிறது என்றதும் நிம்மதி ஆகிவிடாதீங்க. 15 லிட்டர், 2000 வாட் கீசர் ஒன்று, 18 டிகிரியில் இருக்கிற தண்ணியை 55 டிகிரிக்குக் கொண்டுவர 230 வோல்ட்டில் இருபது நிமிடம் போதும். அதே கீசருக்கு 180 வோல்ட்தான் வருகிறது என்றால் சூடாக்கும் சக்தியில் கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் போய்விடும்; அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலை ஏழு மணிக்கு எல்லா ரூமிலும் ஒன்றாகச் சுவிட்சைப் போட்டால் வோல்டேஜ் விழத்தான் செய்யும். பத்து நிமிடத்தில் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு "கீசர் ரிப்பேர்" என்று கத்திப் பிரயோஜனமில்லை. ஆறு மணிக்கு முன்பே போட்டுவிடுங்க.

அண்டாத் தண்ணி என்றால் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, ரூமுக்கு எத்தனை பக்கெட் என்று முதல்நாளே கேட்டுக்கொள்ளுங்க. ஆளுக்கு ஒரு முழு பக்கெட் கொதிதண்ணி கேட்டு நிற்கத் தேவையில்லை. 20 லிட்டர் பக்கெட்டில் 80 டிகிரி அளவுக்குச் சுட்ட தண்ணி எட்டு லிட்டர், மீதி பச்சைத்தண்ணி விட்டால் 43 டிகிரி அளவுக்கு நிற்கும். மலைக்குளிருக்கு அது தாராளம். சிலிண்டரில் ஓடும் கேஸ் கீசர் பாத்ரூமுக்குள்ளேயே மாட்டியிருந்தால் மட்டும் கறாராக இருங்க. ஜன்னலோ எக்ஸாஸ்ட் ஃபேனோ இல்லாத பாத்ரூமில் அதை எரியவிட்டுக் கதவைச் சாத்தினால் கார்பன் மோனாக்சைடு சேரும். மணம் இருக்காது, நிறம் இருக்காது, மயக்கம் வந்த பிறகு கதவைத் திறக்கவும் முடியாது. அப்படி ரூம் கொடுத்தால் பக்கெட்டில் தண்ணியைப் பிடித்துக்கொண்டு, கீசரை அணைத்துவிட்டு, அப்புறம் குளிங்க. குளிர் தாங்கவில்லை என்று கரி அடுப்பை ரூமுக்குள் கொண்டுவந்து வைப்பதும் இதே கதைதான்.

அடுத்து சாப்பாடு. இங்கே மெனு கார்டு கிடையாது, சொன்னால்தான் சமைப்பார்கள். ராத்திரிச் சாப்பாட்டை மத்தியானம் இரண்டு மணிக்குள் சொல்லிவிடணும். ஏன் என்றால் கோழியைப் பிடிக்கவே ஆள் போகவேண்டும். நாட்டுக்கோழிக்கு விலை பேசும்போது உயிர் எடையா, உரித்த எடையா என்று கேளுங்க. உயிர் எடை ஒன்றரைக் கிலோ என்றால் கறி ஒரு கிலோ தேறும், நாலு பேருக்குப் போதும். 1200 மீட்டர் உயரத்தில் தண்ணி 96 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் முற்றிய கோழியும் பருப்பும் திறந்த சட்டியில் வேக நேரம் இழுக்கும். குக்கரில் வைக்கச் சொன்னால் சிக்கல் இல்லை. "மண்சட்டியில், விறகடுப்பில், ஆனால் அரை மணி நேரத்தில் வேணும்" என்று கேட்கிற ஆளுக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. களி, சாமைச்சோறு வேண்டுமானாலும் முதல்நாளே சொல்லணும்.

ரூமைப் பார்க்கும்போது டிவியைப் பார்க்காதீங்க, மெத்தையைத் தொட்டுப் பாருங்க. ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் மூடுபனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து பஞ்சு மெத்தையில் இறங்கிவிடும். உள்ளங்கையை அழுத்தி வைத்துப் பத்து எண்ணி எடுங்க. கை சில்லென்று ஈரம்பட்ட மாதிரி இருந்தால் வேற மெத்தை கேளுங்க. ஆளுக்கு ஒரு கம்பளி என்று எண்ணி வாங்கிவிடணும், ராத்திரி பத்து மணிக்குத் தட்டினால் ஆள் இருக்கமாட்டார். துவைத்த துணி ஒரே நாளில் காயாது. துண்டு ஆளுக்கு ரெண்டு. ஜன்னல் கொக்கியைப் போடாமல் வெளியே போனால் குரங்கு உள்ளே இருக்கும். டார்ச், பவர் பேங்க் எப்படியும் வேணும், ஏனென்றால் கரண்ட் போனால் யுபிஎஸ்ஸில் லைட் எரியும், சார்ஜ் போடும் பிளக்கில் வராமல் போகலாம். சிக்னல் போனால் கூகுள் பேயும் போகும். ரூபாய் நோட்டாகக் கொண்டுபோங்க.

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. பொழுது இருக்கும்போதே ஏறிவிடுங்க. குழந்தைக்கு வாந்தி மாத்திரையை அடிவாரத்தில் கொடுத்துப் பலனில்லை. டாக்டரிடம் கேட்டு, அடிவாரம் வருவதற்கு வெகு முன்பே வழியில் கொடுத்துவிடணும். பெட்ரோலும் கீழேயே போட்டுக்கொள்ளுங்க. ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி, இறங்குகிறவர் நின்று விடணும். இது மரியாதை மட்டுமில்லை, விதியே அதுதான். இறங்கும்போது இரண்டாவது கியரைவிட்டு மாறக்கூடாது. ஆட்டோமேட்டிக் கார் என்றால் 'டி'யில் விடாமல் 'எல்' அல்லது மேனுவலில் போடுங்க. பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் நாற்பதாவது வளைவுக்குள் கருகல் வாடை வரும், மிதி மெத்தென்று உள்ளே போகும். அப்போது ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் சும்மா விடுங்க. தண்ணி ஊற்றினால் டிஸ்க் கோணிக்கொள்ளும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் வருகிற தம்பிகளுக்கு இன்னும் ஆபத்து. என்ஜின் பிடிப்பு குறைவு, பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில்தான்.

ஆகாய கங்கை அருவிக்கு அறப்பளீஸ்வரர் கோயிலிலிருந்து ஆயிரத்துக்கு மேல் படி. இறங்குவது சுகம், ஏறுவதுதான் கணக்கு. முழங்கால் வலி உள்ள பெரியவர்களைக் கோயிலிலேயே உட்காரவைத்துவிடுங்க. காலையில் எட்டு, எட்டரைக்கு இறங்கினால் வெயில் உச்சிக்கு வருமுன் மேலே வந்துவிடலாம். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணி, கூடவே உப்பு சர்க்கரைக் கரைசல். அருவியில் தண்ணி திடீரென்று கலங்கி, சருகு மிதந்து வந்தால் தலைக்குமேல் வெயில் அடித்தாலும் உடனே வெளியே வந்துவிடுங்க. மழை மேலே, அருவிக்குத் தண்ணி கொண்டுவரும் ஐயாற்று வழியில் பெய்திருக்கும். ஏறி வந்ததும் முடவாட்டுக்கால் சூப் விற்பார்கள். அது ஆட்டுக்கால் இல்லை, பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் பெரணிக் கிழங்கு. சைவக்காரர்கள் பயமில்லாமல் குடிக்கலாம்.

லாட்ஜ் பையன் "யாருக்கும் தெரியாத அருவி ஒண்ணு இருக்குங்ணா" என்று காட்டுக்குள் கூப்பிட்டால் போகவேண்டாம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில், டிரெக்கிங் போன அத்தனை பேர் காட்டுத்தீயில் மாண்ட பிறகு, வனத்துறை அனுமதியில்லாமல் காட்டுக்குள் டிரெக்கிங் போவது விளையாட்டுக் காரியமில்லை. மலைக்கு மறுபக்க அடிவாரமான புளியஞ்சோலையிலிருந்து நடந்து ஏறும் ஆசை இருந்தாலும் முதலில் அனுமதி கேளுங்க.

ஆடி 18ஐ ஒட்டி வல்வில் ஓரி விழா. அந்த நாட்களில் ரூம் கிடைக்காது, கிடைத்தாலும் நீங்கள் கேட்கிற அமைதி இருக்காது.

கேட்காத ஒன்றையும் சொல்லிப்போடறேன், மனசு ஆறாதுங்க. வழியெல்லாம் பாட்டிலில் தொங்குகிற 'சுத்தமான மலைத்தேன்'. தண்ணியில் விட்டால் கரையாமல் அடியில் இறங்குகிறது, பேப்பரில் ஊறவில்லை, தேனில் தோய்த்த தீக்குச்சி எரிகிறது என்று வித்தை காட்டுவார்கள். கெட்டியாகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகும் இதையெல்லாம் செய்யும். உறைந்த தேனைப் பார்த்துக் கலப்படம் என்று ஒதுக்குவார்கள், உண்மையில் நல்ல தேனும் உறையும். பெயரும் முகவரியும் ஒட்டாத பாட்டிலைத் தொடாதீங்க. அந்தக் காசுக்குச் சோளக்காடு சந்தையில் மிளகு வாங்கலாம். சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிவிட்ட கொடியிலிருந்து பறித்துக் காயவைத்தது. லிட்டர் படியில் அளந்து தராசில் வைக்கச் சொல்லுங்க. 550 கிராமுக்கு மேல் நின்றால் நல்ல திரட்சி. நானூறைத் தாண்டவில்லை என்றால் பிஞ்சும் சொத்தையும், பேரம் பேசாமல் அடுத்த கடைக்குப் போங்க.