யாருக்குத் தீட்டு?

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். நான் திருச்சிக்காரி. வயது 46. என் பெயரைப் போட வேண்டாம். பத்து வருடமாக உங்களைப் படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் கணவருக்குச் சர்க்கரையால் இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. இரண்டரை வருடமாக வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான் குடிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். காலையில் அளந்து பாட்டிலில் ஊற்றி வைப்பது நான்தான். கோடையில் அவர் அந்தப் பாட்டிலைப் பார்க்கிற பார்வை எனக்கு ஆகாது. எழுந்து மாடிக்குப் போய்விடுவேன்.

மாடியில் தோட்டம் வைத்திருக்கிறேன். அதற்கான வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்து, பிறகு நாங்கள் ஆறு பெண்கள் மட்டும் தனியாக ஒன்று வைத்துக்கொண்டோம். செடியில் ஆரம்பித்த பேச்சு வீட்டுக்குள் வந்துவிட்டது. காலையில் எழுந்ததும் கணவரின் இடது கையில் ஃபிஸ்டுலா போட்ட இடத்தில், அதாவது டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடத்தில், விரல் வைத்துப் பார்ப்பேன். உள்ளே பூனை உறுமுவது மாதிரி அதிர வேண்டும். அதிர்ந்தால் ரத்தம் ஒழுங்காக ஓடுகிறது என்று அர்த்தம். "அதிருது" என்று குழுவில் போட்டுவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவேன். "சரி, காபியைப் போடு" என்று பொள்ளாச்சி அக்கா பதில் போடுவார்.

அவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. என் மாடியில் ஏறியிருக்கிற மூக்குத்தி அவரைக் கொடி, அக்கா கொரியரில் அனுப்பிய விதையில் வந்தது. அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் சரியாகி, மூன்று வருடம் கழித்து எலும்புக்கு வந்துவிட்டது. கீமோ ஏற்றிய அன்றும், "இன்னைக்கு எத்தனை கிலோ ஏறியிருந்தார்?" என்று, என் கணவர் உடம்பில் தேங்கிய நீரின் எடையைக் கேட்டவர்.

போன மாதம் நான்கு நாளாக அவரிடமிருந்து சத்தமே இல்லை. ஐந்தாம் நாள் அவருடைய நம்பரிலிருந்தே அவர் மகள் போட்டிருந்தாள்: "அம்மா செவ்வாய்க்கிழமை தவறிட்டாங்க. உங்க எல்லார்கிட்டயும் சொல்லச் சொன்னாங்க." நான் போனை வைத்துவிட்டுப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. ஈரத் தலையோடு வந்த என்னைப் பார்த்து மாமியார், "யாருக்குத் தீட்டு?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன்.

கொழுந்தனாருக்கு விஷயம் தெரிந்து ஒரே சத்தம். "முகம் தெரியாதவங்ககிட்ட வீட்டு விஷயத்தை எல்லாம் அவிழ்த்துக் கொட்டியிருக்கீங்க. பொண்ணு கல்யாணத்துக்கு நிக்கிறா. அப்பனுக்கு டயாலிசிஸ்னு ஊரெல்லாம் தெரிஞ்சா எவன் வருவான்?" என்கிறார். அக்கா போனதிலிருந்து நான் குழுவில் ஒன்றும் எழுதவில்லை. நான் செய்தது தப்பா அம்மா? பார்க்காத ஒருவருக்காக இப்படி அழுவது அசட்டுத்தனமா?

அன்புடன்,
ஒரு வாசகி

•

அன்புள்ள உங்களுக்கு,

அந்த ஈரத் தலையிலிருந்தே தொடங்குகிறேன். நம் வீடுகளில் சாவுச் சேதி வந்தால் யார் தலைக்கு ஊற்ற வேண்டும், எத்தனை நாள் தீட்டுக் காக்க வேண்டும் என்பதற்கெல்லாம் கணக்கு இருக்கிறது. பங்காளி என்றால் இத்தனை நாள், சம்பந்தி என்றால் இத்தனை நாள், கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு இவ்வளவு என்று சாதிக்கொரு கணக்கு. இருபது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிக்கும் அதில் இடம் உண்டு. தினமும் விசாரித்த சிநேகிதிக்கு இல்லை. உங்கள் மாமியார் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டுதான் கேட்டார். அவர் மேல் வருத்தப்படாதீர்கள். அவருக்குத் தெரிந்த பட்டியலில் பொள்ளாச்சி அக்காவின் பெயர் இல்லை. உங்கள் உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. யாரும் சொல்லாமல் அதுவே குளியலறைக்குப் போயிருக்கிறது.

கென்னத் டோகா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980-களில் இந்த வகைத் துயரத்துக்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் 'உரிமை மறுக்கப்பட்ட துக்கம்' என்று சொல்லலாம். சுற்றி இருப்பவர்கள் இழப்பு என்றே ஒத்துக்கொள்ளாத இழப்பு. கருவிலேயே போன குழந்தை, ஊரறியாத காதல், விவாகரத்தான கணவரின் சாவு எல்லாம் இதில் வரும். அழுகை என்னவோ அதே அழுகைதான். கூட உட்கார ஆள் இல்லை என்பதுதான் வித்தியாசம். துக்கத்தோடு வெட்கமும் சேர்ந்துகொள்கிறது. நீங்கள் பதில் சொல்லத் தெரியாமல் நின்றது இந்த வெட்கத்தால்தான்.

நார்வேயில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மாட்ஸ் ஸ்டீன் என்று ஒரு இளைஞர். தசைகள் வருடத்துக்கு வருடம் தளர்ந்துகொண்டே போகும் டூஷேன் நோயோடு பிறந்தவர். சக்கர நாற்காலியிலிருந்தபடி ஆயிரக்கணக்கான மணி நேரம் 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற இணைய விளையாட்டில் இருந்தார். அதில் அவர் பெயர் இபெலின். 2014 நவம்பரில், 25 வயதில் இறந்துபோனார். பிள்ளைக்கு நண்பர்களே இல்லாமல் போனதே என்றுதான் பெற்றோர் அழுதார்கள். அவர் எழுதிவந்த வலைப்பூவில் இறப்புச் சேதியைப் போட்டு, தொடர்புகொள்ள ஒரு மின்னஞ்சல் முகவரியையும் கொடுத்தார்கள். கடிதங்கள் வர ஆரம்பித்தன. ஒரு தாய்க்கும் அவரோடு ஒட்டாமல் இருந்த மகனுக்கும் நடுவே பேச்சைத் தொடங்கி வைத்திருக்கிறார் மாட்ஸ். மனசு உடைந்த எத்தனையோ பேரோடு இரவெல்லாம் உட்கார்ந்து பேசியிருக்கிறார். சவ அடக்கத்துக்கு வேறு நாடுகளிலிருந்து சிலர் கிளம்பி வந்தார்கள். அவரை அதற்கு முன் நேரில் பார்த்திராதவர்கள். 2024-இல் இது ஆவணப்படமாக வந்தபோது உலகமே பார்த்தது.

எனக்கு அதில் வலித்த இடம் வேறு. தன் நோயைப் பற்றி அந்த நண்பர்களிடம் மாட்ஸ் பல வருடம் வாயே திறக்கவில்லை. தெரிந்தால் இரக்கத்தோடு பார்ப்பார்கள் என்ற பயமாக இருந்திருக்கும். கடைசிக் காலத்தில்தான் எழுதினார். எத்தனை ராத்திரி ஊரார் கஷ்டத்தையெல்லாம் கேட்டுக்கொண்டு தன் மூச்சுத் திணறலை மட்டும் மறைத்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். உங்களுக்கு அந்த நிலை வரவில்லை. சொல்ல ஐந்து பேர் இருந்தார்கள்.

முகம் பார்க்காத நட்பு என்றதும் நம் ஊரில் எல்லாரும் பிசிராந்தையாரைச் சொல்வார்கள். கோப்பெருஞ்சோழன் உண்ணாமல் உயிர்விடத் துணிந்து வடக்கிருந்தபோது, அதுவரை பார்த்திராத நண்பர் வந்து சேர்ந்த கதை. அந்த வருகையைவிட, வந்த இடத்தில் நடந்த பேச்சுதான் எனக்கு முக்கியமாகப் படும். "உங்களைப் பற்றிப் பல காலமாகக் கேள்விப்படுகிறோம், இன்னும் நரைக்கவில்லையே?" என்று அங்கிருந்த சான்றோர் விசாரிக்கிறார்கள். அவர் சொன்ன பதில் புறநானூற்றில் 191-ஆம் பாட்டாக இருக்கிறது. மனைவி நல்லவள், பிள்ளைகள் அறிவு நிறைந்தவர்கள், வேலைக்காரர்கள் சொன்னபடி நடப்பவர்கள், அரசன் தப்புச் செய்வதில்லை, ஊரில் நல்லவர்கள் நிறைய இருக்கிறார்கள் என்கிறார். உடம்பைப் பற்றிக் கேட்டார்கள், அவர் வீட்டைச் சொன்னார். பொள்ளாச்சி அக்கா உங்களிடம் கேட்டதும் நீங்கள் சொன்னதும் இந்த வகைப் பேச்சுதான்.

என் அப்பா கடைசியாகப் படுத்தபோது பதினோரு நாள் ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருந்தேன். சொந்தக்காரர்கள் வந்தார்கள், ஹார்லிக்ஸ் பாட்டில் கொடுத்தார்கள், "டாக்டர் என்ன சொல்றார்?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். தப்புச் சொல்ல மாட்டேன், வந்ததே பெரிது. ஆனால் ராத்திரி பத்து மணிக்கு, தூத்துக்குடியில் இருந்த, நான் அதுவரை குரல்கூடக் கேட்டிராத ஒரு தோழி தினமும் எழுதிக் கேட்டாள்: "இன்னிக்கு என்ன சாப்பிட்டே?" முதல் நாள் அந்தக் கேள்வியைப் பார்த்த பிறகுதான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பதே எனக்கு உறைத்தது. கேன்டீனுக்கு இறங்கிப் போய் இரண்டு இட்லி வாங்கினேன்.

இனி கொழுந்தனார் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொன்னதில் ஒரு பாதி சரி என்று நினைக்கிறேன். நீங்கள் கஷ்டப்பட்டாலும் இதைச் சொல்லத்தான் வேண்டும். தண்ணீரை அளந்து ஊற்றும்போது உங்கள் நெஞ்சு என்ன பாடுபடுகிறது என்பது உங்களுடையது. யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் தண்ணீருக்குத் தவிக்கும் நாக்கு உங்கள் கணவருடையது. அவர் எடை, அவர் கை, அவர் வலியெல்லாம் அவரைச் சேர்ந்தவை. "அந்த ஐந்து பேரிடம் இதையெல்லாம் சொல்கிறேன், உங்களுக்குச் சம்மதமா?" என்று அவரிடம் கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் எல்லாருடைய பேச்சும் வருகிறது. அவர் பேசியது ஒரு வரிகூட இல்லை.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். அம்மாவுக்கு மறதி வந்த புதிதில், பாலை அடுப்பில் வைத்துவிட்டு அவர் கோயிலுக்குப் போய்விட்டதைப் பொதுவில் எழுதினேன். மனசு தாங்காமல் எழுதியதுதான். ஒரு உறவுக்காரப் பெண் அதைப் படித்துவிட்டு நேரே வந்து, "என்னத்தே, உங்களுக்கு ஞாபகமே இல்லாமப் போச்சாமே?" என்று அம்மாவிடமே கேட்டாள். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "எனக்கு வந்ததை நான் சொல்லிக்க மாட்டேனா?" என்று மட்டும் கேட்டார். இன்றும் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதனால் இன்றைக்கே உங்கள் கணவரிடம் கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்று அவர் சொல்வதை அப்படியே விட்டுவிடுங்கள். மிச்சம் இருப்பது உங்கள் பாடு, அதுவே நிறைய இருக்கிறது.

மகள் கல்யாணத்தைக் காட்டி மறைக்கச் சொல்வதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிற மனிதரை எந்தச் சம்பந்தியிடம் எத்தனை நாள் மறைப்பீர்கள்? பேச்சு எடுக்கும்போதே சொல்லிவிடுவது பெண்ணுக்கும் பாதுகாப்பு. ஆனால் இதிலும் முதலில் கேட்க வேண்டியது அந்தப் பெண்ணைத்தான். கொழுந்தனார் அதற்கப்புறம்தான்.

குழுவில் கிடைக்கும் வைத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பாசமாகச் சொல்கிற யோசனையில்தான் ஆபத்து ஒளிந்திருக்கும். "சிறுநீரகத்துக்கு இளநீர் நல்லது" என்று நம்மில் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். டயாலிசிஸில் இருப்பவருக்கு இளநீரில் இருக்கும் பொட்டாசியம் ரத்தத்தில் தங்கி இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். ஆறுதலை அவர்களிடம் வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பாட்டையும் மருந்தையும் டாக்டரிடமும் டயட்டீஷியனிடமும் மட்டும் கேளுங்கள்.

அழுவது அசட்டுத்தனமா என்று கேட்டீர்கள். எங்கள் பக்கம் துஷ்டி கேட்கப் போகிற பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, தோளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். செத்தவருக்காகத் தொடங்கும் பாட்டு, பாதியில் அவரவர் வீட்டுக்குப் போய்விடும். ஒருத்தி போன வருடம் இழந்த பிள்ளையைப் பாடுவாள், ஒருத்தி குடிகாரப் புருஷனைச் சொல்வாள். யாரும் யாரையும் தடுக்க மாட்டார்கள். வீட்டில் வாயைத் திறக்க முடியாததை அந்த வட்டத்தில் சொல்லிவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வருவார்கள். உங்கள் ஆறு பேர் குழுவும் அப்படி ஒரு வட்டமாகத்தான் எனக்குத் தெரிகிறது. இப்போது அதில் ஒரு இடம் காலி. மிச்சமுள்ள ஐந்து பேரும் தனித்தனியாக, ஆளுக்கொரு அடுப்படியில் நின்று அழுதுகொண்டிருக்கிறீர்கள். ஒருத்தி பேச்சை ஆரம்பிக்க வேண்டும்.

அக்காவின் மகளுக்கு எழுதுங்கள். "உங்கள் இழப்பு ஈடு செய்ய முடியாதது" என்று எழுதாதீர்கள். உங்கள் அம்மா இப்படித்தான் தினமும் என்னைக் காபி போட அனுப்புவார் என்று எழுதுங்கள். தன் அம்மாவின் அந்தக் காலை நேரம் அந்தப் பெண்ணிடம் இல்லை. அது உங்களிடம்தான் இருக்கிறது. மூக்குத்தி அவரை பந்தலில் ஏறி நிற்பதைப் படம் எடுத்து அனுப்புங்கள். துஷ்டி வீட்டிலிருந்து எழும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்லக் கூடாது என்பார்கள். இந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள். அடுத்த வாரமும் எழுதி, என்ன சாப்பிட்டாள் என்று கேளுங்கள்.

உங்கள் கணவர் சம்மதித்தால், நாளைக் காலையில் அந்தக் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மிச்சமுள்ள நான்கு பேருக்கும் "அதிருது" என்று போடுங்கள்.

அன்புடன்.