காம்பாக்ட் செடான் வாங்கும் முன் உள்ளே எதைத் தொட்டுப் பார்க்க வேண்டும்?

கேள்வி: காங்கேயம் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறோம். நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள அம்மா என ஐந்து பேர். மாதம் இரண்டு மூன்று முறை கோவைக்கோ பழனிக்கோ போய்வருவோம். வாங்கினால் எட்டுப் பத்து வருடம் வைத்திருப்போம். மாருதி டிசையர், ஹோண்டா அமேஸ், ஹூண்டாய் ஆரா, டாடா டிகோர் என நான்கு காம்பாக்ட் செடான்களையும் (டிக்கி தனியாக நீட்டிய சின்ன கார்) ஷோரூமில் உட்கார்ந்து பார்த்தாயிற்று. எல்லாமே நன்றாகத்தான் தெரிகிறது. உட்புறத் தரத்தில் எது மேல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஷோரூமில் வித்தியாசம் தெரியாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. நீளம் 4 மீட்டருக்குள்ளும் பெட்ரோல் இன்ஜின் 1200 சி.சி.க்குள்ளும் இருந்தால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், தாண்டினால் 40. 4 மீட்டருக்குள் இருந்தால் வரி குறைவு என்பது அதற்கு முன்பும் உண்டு. அதனால் டிசையர், அமேஸ், ஆரா மூன்றும் 3995 மில்லிமீட்டரில் நிற்கின்றன, டிகோர் 3993. ஒரே அளவுப் பெட்டிக்குள், ஏறக்குறைய ஒரே விலைக்குள் செய்த வண்டிகள் இவை. நான்கிலுமே டேஷ்போர்டு கெட்டி பிளாஸ்டிக்தான். ஷோரூம் வெளிச்சத்தில், ஏ.சி. குளிரில், துடைத்து வைத்த வண்டியில் அது பளபளவென்றுதான் இருக்கும். இரண்டு கோடை வெயிலும் உங்கள் ஊர்ப் புழுதியும் பட்ட பிறகு எந்த இடம் முதலில் கெடுமோ, அந்த இடத்தை இப்போதே பார்ப்பதுதான் வழி.

அதற்கு முன் ஒரு விஷயம். ஷோரூமில் நிற்பது பெரும்பாலும் டாப் வேரியன்ட், அதாவது எல்லா வசதியும் உள்ள விலை கூடிய வகை. நீங்கள் வாங்கப்போவது நடு வேரியன்ட் என்றால் பின்சீட்டுக் கை வைக்கும் இடம், கதவில் ஒட்டிய துணி, லெதர் சுற்றிய ஸ்டியரிங் என ஏதாவது ஒன்று அதில் இருக்காது. வாங்கப்போகும் வேரியன்டையே காட்டச் சொல்லுங்கள். அங்கே இல்லையென்றால் யார்டில் டெலிவரிக்கு நிற்கும் வண்டியையாவது திறந்து காட்டச் சொல்லுங்கள். அதைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

டேஷ்போர்டின் மேல்பகுதியைத் தட்டிப் பார்த்துத் தரம் சொல்வது நம் ஊரில் வழக்கம். ஆனால் அந்த இடத்தை ஓட்டும்போது யாரும் தொடுவதே இல்லை. தினமும் கைபடும் இடங்கள் வேறு: கதவைச் சாத்த இழுக்கும் பிடி, ஜன்னல் சுவிட்சு, கியர் நாப், சீட் நகர்த்தும் லீவர், பெல்ட் மாட்டும் பக்கிள், ஏ.சி. வென்ட்டின் சிறு இதழ்கள். கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு உள்பக்கமாக நன்றாக இழுங்கள். டோர் பேட் (கதவின் உட்பக்கப் பலகை) வளைந்து முனகினால் உள்ளே கிளிப் பிடிப்பு குறைவு என்று அர்த்தம். மூன்றாம் வருடம் சத்தம் போடப்போவது அந்த இடம்தான். வென்ட் இதழை மேலும் கீழும் பத்துத் தடவை ஆட்டுங்கள். விட்ட இடத்தில் நிற்க வேண்டும். தானாகக் கீழே சாய்ந்தால் வெயிலில் இன்னும் தளர்ந்துபோகும்.

இடைவெளியை அளக்க ஏ.டி.எம். கார்டு போதும். அதன் கனம் 0.76 மில்லிமீட்டர். கிளவ் பாக்ஸ் மூடியின் இடது ஓரத்தில் கார்டு எவ்வளவு இறுக்கமாக நுழைகிறதோ, வலது ஓரத்திலும் அதே இறுக்கம் இருக்க வேண்டும். இடைவெளி பெரிதாக இருப்பது குறையில்லை, சமமாக இல்லாததுதான் குறை. பிளாஸ்டிக் வெயிலில் இரும்பைவிடப் பல மடங்கு விரியும். அதனால் கொஞ்சம் இடம் விட்டுத்தான் செய்வார்கள். ஒரு பக்கம் முட்டிக்கொண்டு மறுபக்கம் வாய் பிளந்து நின்றால், விரியும்போது முட்டிய பக்கம் உராய்ந்து கிரீச்சிடும். செல்போன் டார்ச்சைத் தட்டையாகச் சாய்த்து அடித்துப் பாருங்கள். டோர் பேட்டின் கீழ் விளிம்பில் அச்சு சேர்ந்த கோடு கையைக் கீறும் அளவுக்கு நீட்டிக்கொண்டிருக்கிறதா, பரப்பில் சிறுசிறு குழிவு தெரிகிறதா என்று அந்த வெளிச்சம் காட்டிக் கொடுக்கும். கறுப்புக் கண்ணாடிபோல் மினுக்கும் பட்டைகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. செம்மண் தூசியை உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்தாலே அதில் கோடு விழுந்துவிடும். சொரசொரப்பான பிளாஸ்டிக்கைப் பலர் மட்டம் என்று நினைக்கிறார்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வருடக்கணக்கில் தாக்குப்பிடிப்பது அதுதான்.

கதவு சாத்தும் ‘தொப்’ சத்தத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். எல்லா ஜன்னலும் மூடியிருந்தால் உள்ளே அடைபட்ட காற்று ஒரு மாதிரி சத்தம் தரும், ஒரு ஜன்னல் இறங்கியிருந்தால் வேறு மாதிரி. ஒப்பிடுவதாயிருந்தால் நான்கு வண்டியிலும் ஜன்னலை ஏற்றிவிட்டு ஒப்பிடுங்கள். உங்களுக்கு அதைவிட முக்கியம் கதவைச் சுற்றிய ரப்பர் பீடிங். செய்தித்தாளில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து, பீடிங் மேல் வைத்துக் கதவைச் சாத்துங்கள். பிறகு மெல்ல இழுங்கள். காகிதம் தடுத்துப் பிடித்து, இழுக்க இழுக்கத்தான் வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ரப்பர் அழுந்தவில்லை. ஒரு கதவுக்கு எட்டு இடமாவது பாருங்கள், குறிப்பாகக் கீழ் மூலைகளையும் ஜன்னல் சட்டத்தின் மேல் வளைவையும். டிக்கிக்கும் இதையே செய்யுங்கள். இட்டேரியில் (தோட்டத்து வேலிகளுக்கு நடுவே போகும் மண்பாதையில்) முன்னால் ஒரு டிராக்டர் போனால் எழும் புழுதி உள்ளே வருவதும் வராததும் இந்த ரப்பரில்தான் இருக்கிறது. உள்ளே வந்த புழுதி சீட் ரெயிலில் படிந்தால் சீட் நகர்த்தவே வராது.

சீட்டை இரண்டு நிமிடம் உட்கார்ந்து எடை போட முடியாது. இருபது நிமிடம் உட்காருங்கள். நுரை மெத்தென்று இருந்தால் ஷோரூமில் சுகம், பழனி போய்த் திரும்பும்போது இடுப்பு வலி. முஷ்டியால் நடுவில் அழுத்தி எடுத்தால் குழி உடனே எழ வேண்டும், அடியில் தகடு கையில் படக் கூடாது. தொடைக்கு அடியில், முழங்கால் மடிப்புக்கும் சீட் விளிம்புக்கும் இடையே மூன்று விரல் இடைவெளி இருப்பது சரி. ஒரு சாண் இருந்தால் தொடைக்குத் தாங்கல் போதாது.

அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு இந்த முடிவை எடுக்காதீர்கள். அவர் சிரமமில்லாமல் எழும் நாற்காலியின் உயரத்தை அளந்துகொண்டு, டேப்பையும் எடுத்துப் போங்கள். தரையிலிருந்து சீட்டின் மேல்மட்டம் அந்த அளவுக்குக் கீழே போகப்போக எழும்போது முழங்காலுக்குத்தான் சுமை. செடானில் பின்கதவுக்கு மேலே கூரை சரிந்து வரும். தலையைக் குனிந்து, காலை மடக்கி, உடம்பைத் திருப்பி ஏற வேண்டியிருக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இந்த மூன்றும் ஒன்றாக வருவதுதான் கஷ்டம். பல வீடுகளில் முன் இடது சீட்டே அவர்களுக்குத் தோதாக இருக்கிறது. ஆனால் உயரம் ஏற்றி இறக்கும் வசதி பெரும்பாலும் டிரைவர் சீட்டுக்கு மட்டும்தான் வரும். அம்மாவை ஐந்து தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். ஐந்தாவது தடவை அவர் எதைப் பிடித்துக்கொண்டு எழுகிறார் என்று கவனியுங்கள். கதவு மேலுள்ள கைப்பிடியைப் பிடித்தால் அது ஆடாமல் நிற்கிறதா என்று பாருங்கள்.

அம்மா முன்னால் என்றால் பின்சீட்டில் மூன்று பேர். அங்கே அகலம் பேசும். டிசையர் 1735 மி.மீ., அமேஸ் 1733, ஆரா 1680, டிகோர் 1677. இது வெளி அளவுதான், ஆனாலும் ஐந்தரை சென்டிமீட்டர் வித்தியாசம் மூன்று தோள்கள் உரசும்போது தெரியும். பிள்ளைகள் இப்போது சின்னவர்கள் என்றாலும் நீங்கள் சொல்லும் பத்து வருடத்தில் ஆளாகிவிடுவார்கள். நடுவில் உட்காருபவருக்கு மூன்று முனை பெல்ட் வருகிறதா என்பதையும் அதே வேரியன்டில் பாருங்கள்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. வெளிர் நிற உட்புறம் வெயிலில் கறுப்பைவிடக் குறைவாகச் சுடும், தூசியையும் மறைக்கும். தலையில் வைக்கும் தேங்காய் எண்ணெயை மறைக்காது. ஹெட்ரெஸ்ட்டுக்கு மட்டும் கழற்றித் துவைக்கும் துணி உறை போட்டால் போதும்.

ஏ.சி.யை மதியம் ஒரு மணிக்குப் பாருங்கள், மாலையில் வேண்டாம். வெயிலில் நிறுத்திய வண்டியில் ஐந்து பேரும் ஏறி, பின்சீட்டில் இருப்பவருக்கு எத்தனை நிமிடத்தில் வியர்வை அடங்குகிறது என்று கடிகாரம் பார்த்துக் குறியுங்கள். டிகோரில் பின்சீட்டு ஏ.சி. வென்ட் கிடையாது, மற்ற மூன்றிலும் உண்டு, ஆனால் நீங்கள் வாங்கும் வேரியன்டில் இருக்கிறதா என்று பாருங்கள். டிசையரின் டாப் வேரியன்டில் சன்ரூஃப் வருகிறது. காங்கேயம், கரூர்ப் பக்க வெயிலுக்கு அது எனக்குத் தேவையாகப் படவில்லை. கூரை உயரத்தையும் அது கொஞ்சம் தின்னும்.

டெஸ்ட் டிரைவுக்குக் கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் ஏற்றினால் எந்த வண்டியும் வழுக்கிக்கொண்டுதான் போகும், அதில் ஒன்றும் தெரியாது. வண்டியை உங்கள் வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். பாட்டை நிறுத்தி, ஏ.சி. விசிறியையும் நிறுத்தி, உங்கள் சாளைக்கு (தோட்டத்து வீட்டுக்கு) வரும் அதே இட்டேரியில் 20 கி.மீ. வேகத்தில் ஓட்டுங்கள். நீங்கள் ஓட்ட, இன்னொருவர் பின்னால் உட்கார்ந்து காதைக் கொடுக்க வேண்டும். செடானில் சத்தம் பெரும்பாலும் பின்னாலிருந்துதான் வரும்: பின்கண்ணாடிக்கு அடியிலுள்ள தட்டு, டிக்கி மூடியில் மாட்டிய நம்பர் பிளேட், ஸ்டெப்னி பக்கத்தில் சரியாகக் கட்டாத ஜாக்கி. சத்தம் வரும் இடத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்துங்கள். நின்றால் அது கிளிப் பிரச்சினை, ஃபெல்ட் டேப் ஒட்டினால் தீரும். அழுத்தியும் நிற்கவில்லையென்றால் உள்ளே பிராக்கெட்டோ வயர் கட்டோ தளர்ந்திருக்கிறது, பேனலைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். “அதெல்லாம் ஓட ஓடச் சரியாயிடும்ங்க” என்று சொன்னால் ஏற்காதீர்கள். கடகட சத்தம் ஓட ஓட அதிகமாகும், குறையாது.

பிறகு வண்டியை நிறுத்தி, ஏ.சி. போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, ஸ்டியரிங்கிலும் டோர் பேடிலும் கை வையுங்கள். டிசையரிலும் டிகோரிலும் இருப்பது மூன்று சிலிண்டர் இன்ஜின், அமேஸிலும் ஆராவிலும் நான்கு. மூன்று சிலிண்டருக்கு ஐடிலில் (வண்டி நிற்க, இன்ஜின் மட்டும் ஓடும்போது) இயல்பாகவே அதிர்வு கூடுதல். அந்த அதிர்வு நடுக்கண்ணாடியில் பின்வண்டியின் உருவத்தை மங்கலாக்குகிறதா என்று பாருங்கள். வருடக்கணக்கில் கிளிப்புகளைத் தளர்த்துவதில் அதற்கும் பங்குண்டு.

எட்டுப் பத்து வருடம் என்பதால் பழைய வண்டியையும் பாருங்கள். ஆரா 2020-இலும் டிகோர் 2017-இலும் வந்தவை. திருப்பூர், ஈரோட்டில் பழைய கார் விற்கும் இடங்களில் 60,000 கி.மீ. ஓடியது கிடைக்கும். கிடைக்கவில்லையென்றால் அவற்றின் டிக்கி நீட்டாத உடன்பிறப்பு வண்டிகளைப் பாருங்கள்: ஆராவுக்கு நியோஸ், டிகோருக்கு டியாகோ. டேஷ்போர்டு அநேகமாக அதேதான். ஸ்டியரிங்கின் மேல்பட்டை உரிந்திருக்கிறதா, டிரைவர் சீட்டின் வலது விளிம்பு நசுங்கியிருக்கிறதா, கூரைத் துணி ஓரம் தொங்குகிறதா என்று பாருங்கள். இப்போதைய டிசையர் 2024 நவம்பரிலும் அமேஸ் 2024 டிசம்பரிலும் வந்தவை. அவற்றின் முதுமையை இன்னும் யாரும் பார்க்கவில்லை. பழைய டிசையரை வைத்துப் புதியதற்குத் தீர்ப்பு சொல்லாதீர்கள், உள்ளே எல்லாம் மாறிவிட்டது.

உங்கள் குடும்பத்துக்கு என் கணிப்பு: முதலில் அமேஸ். அகலம், நான்கு சிலிண்டர், 416 லிட்டர் டிக்கி, 172 மி.மீ. தரை இடைவெளி என எல்லாம் உங்கள் தேவையோடு பொருந்துகிறது. அதன் கூரை உயரம் 1500 மி.மீ., நான்கில் குறைவு அதுதான். ஆகவே அம்மா ஏறி இறங்கும் சோதனையில் அது தோற்றால் நான் சொன்ன மற்ற எதையும் பார்க்காமல் டிசையருக்குப் போங்கள். அங்கே உயரம் 1525, அகலமும் குறையாது. டிக்கி 382 லிட்டர்தான், தரை இடைவெளியும் 163 மி.மீ.தான். இட்டேரியில் ஐந்து பேரோடு அடிபடுகிறதா என்று ஓட்டிப் பாருங்கள். ஆரா நான்கு பேருக்குள் உள்ள வீட்டுக்கு நல்ல வண்டி. டிகோரில் 419 லிட்டர் டிக்கி பெரிய பலம், ஆனால் பின்னால் மூவர், வென்ட் இல்லை என்பதால் உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

எதை வாங்கினாலும், ரிஜிஸ்ட்ரேஷனுக்கு முன் உங்களுக்கென்று ஒதுக்கிய வண்டியிலேயே காகிதச் சோதனையையும் கார்டு சோதனையையும் திரும்பச் செய்யுங்கள். தண்ணீர் பீய்ச்சி, டிக்கி விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னிக் குழியில் ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். சீட்டிலும் டோர் பேடிலும் ஒட்டிய பாலித்தீனை முதல் வாரமே உரித்துவிடுங்கள். வெயிலில் அதன் பசை பிளாஸ்டிக்கில் கறையாக இறங்கிவிடும். சத்தம் வந்தால் வாரன்டிக்குள்ளேயே ஜாப் கார்டில் (சர்வீஸில் புகாரைப் பதியும் சீட்டில்) எழுதி வாங்குங்கள், சர்வீஸ் ஆளை அந்தச் சத்தம் வரும் ரோட்டுக்கே கூட்டிப்போய்க் கேட்க வையுங்கள். சீட் கவர் போடுவதாயிருந்தால் ஒன்றை மறக்க வேண்டாம். அமேஸ், டிசையர், ஆரா மூன்றிலும் 6 ஏர்பேக் வருகிறது. அவற்றில் இரண்டு முன்சீட்டின் வெளிப்பக்க ஓரத்தில், தையலுக்குள் இருக்கின்றன. அதை மூடித் தைக்கும் ரெக்சின் கவர் விபத்தில் ஏர்பேக்கைத் திறக்கவிடாது. அந்தப் பக்கம் பிரியும்படி தைத்த, ஏர்பேக்குக்கு ஏற்ற கவர் என்று கேட்டு வாங்குங்கள். கடைக்காரரிடம் அது இல்லையென்றால் கவரே போடாமல் ஓட்டுங்கள்.