மசாலா போட்டு ஊறவெச்ச இறாலை வெளில கரில சுட்டா ஏன் மேல கருகி உள்ள ரப்பர் மாதிரி ஆகுது?

"முந்தின நாள் நைட்டே எலுமிச்சை பிழிஞ்சு மசாலா தடவி ஃப்ரிட்ஜ்ல வெச்சேன்"னு கேள்வியிலயே எழுதியிருக்கீங்க பாருங்க, பாதிப் பிரச்சனை அங்கதான் இருக்கு.

நானும் முதல் தடவை இதையேதான் பண்ணேன். காலைல டப்பாவ தொறந்தா இறால் எல்லாம் ஓரத்துல வெள்ள வெளேர்னு வேக வெச்ச மாதிரி இருக்கு, அடில தண்ணி தேங்கி நிக்குது, சரி மசாலா நல்லா இறங்கியிருக்குன்னு நெனச்சுட்டு சந்தோஷமா நெருப்புல போட்டேன். மசாலா மொத்தமும் கிரில் கம்பியோட போயிடுச்சு, இறால் மட்டும் என் கைக்கு வந்துச்சு. வந்தவங்க "டேஸ்ட் நல்லாருக்கு"ன்னு சொல்லிட்டு ப்ரெட்ட மட்டும் சாப்ட்டாங்க.

விஷயம் என்னன்னா புளிப்பு பட்டாலே இறால் சதையில இருக்க புரோட்டீன் மாற ஆரம்பிச்சுடும், நெருப்பே இல்லாம பாதி வெந்த மாதிரி ஆயிடும். அதுக்கு மேல சூடும் பட்டா ரப்பர் ஆகாம என்ன பண்ணும். மட்டன நைட் முழுக்க ஊறவெச்சு பழகின கை நமக்கு, ஆனா இறால் ஏற்கனவே மெத்துன்னு இருக்கறது, அத இன்னும் மெத்துன்னு ஆக்க வேண்டிய அவசியமே இல்ல. எலுமிச்சை, வினிகர் போட்டா 20 நிமிஷம், ரொம்பப் போனா அரை மணி நேரம். நான் இப்பல்லாம் உப்பு, மிளகாத்தூள், பூண்டு விழுது, எண்ணெய் மட்டும் போட்டு ஊறவெச்சுட்டு எலுமிச்சைய சுட்டு எடுத்தப்புறம்தான் பிழியறேன். பச்சப் பப்பாளி, அன்னாசி பக்கம் போகவே போகாதீங்க, அதுல இருக்க என்சைம் இறால கொழகொழன்னு ஆக்கிடும்.

கருகறதுக்கு வருவோம். தேன், சர்க்கரை, சாஸ் ஏதாவது போட்டீங்களா? இனிப்பு இருந்தா இறால் வேகறதுக்கு முன்னாடி மசாலா கரியாயிடும், அதனால அத கடைசி அரை நிமிஷத்துல பிரஷ்ல தடவுங்க. சொட்டச் சொட்ட எண்ணெயோட போட்டாலும் தப்பு, கங்குல விழுந்து குப்புனு தீ பிடிச்சு மேல புகைக்கரி ஏறும், அதனால அதிகமா இருக்க மசாலாவ வழிச்சு விட்டுட்டுதான் அடுக்கணும். கரி நல்லா நீறு பூத்து சாம்பல் கலர் வரவரைக்கும் பொறுமையா இருங்க, கொழுந்துவிட்டு எரியறப்ப போடறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. கரிய ஒரு பக்கமா ஒதுக்கி வெச்சீங்கன்னா தீ எழும்பறப்ப இறால மறுபக்கம் நகத்திக்கலாம்.

முடிஞ்சா ஓட்டோட சுடுங்க. முதுகுல கத்தரிக்கோலால கீறி அந்த கருப்பு நரம்ப எடுத்துட்டு ஓடும் சதையும் பிரியற எடத்துல மசாலாவ விரலால உள்ள தள்ளுங்க, நெருப்போட அடிய ஓடு வாங்கிக்கும். குச்சில கோக்கறதா இருந்தா ஒரு வரிசைக்கு ரெண்டு குச்சி, ஒரே குச்சின்னா திருப்பும்போது குச்சி மட்டும் சுத்தும் இறால் அப்படியே கெடக்கும் (கடுப்பாகும்). மூங்கில் குச்சிய அரை மணி நேரம் தண்ணில போட்டு வைங்க.

நேரம் ரொம்ப கம்மி, பெரிய இறாலுக்கே ஒரு பக்கத்துக்கு ரெண்டுலேர்ந்து மூணு நிமிஷம்தான். சதை கண்ணாடி மாதிரி இருக்கறது மாறி முழுசா வெள்ளையாகி ஆங்கில 'சி' எழுத்து மாதிரி வளைஞ்சா எடுத்துருங்க, சுருண்டு வட்டமாயிடுச்சுன்னா லேட். தெர்மாமீட்டர் இருந்தா உள்ள 63 டிகிரி செல்சியஸ் வந்தா போதும்.

மட்டி, சிப்பி போடறதா இருந்தா ஊறவெக்கறதே வேஸ்ட், மூடின ஓட்டுக்குள்ள மசாலா எப்படிப் போகும்? அப்படியே கம்பி மேல வெச்சு வாய் தொறந்ததும் பூண்டு வெண்ணெய ஊத்துங்க. சுடறதுக்கு முன்னாடியே தொறந்து கெடந்து தட்டினாலும் மூடாதது, சுட்டும் தொறக்காதது, ரெண்டையும் தூக்கிப் போட்ருங்க.

ஊறவெச்ச பாத்திரத்துல மிச்சமிருக்க மசாலாவ சுட்ட இறால் மேல ஊத்தாதீங்க, பச்ச இறால் கெடந்த தண்ணி அது. வேணும்னா நல்லா கொதிக்க விட்டு ஊத்துங்க. அப்புறம் வெளில சமைக்கறதுனால இன்னொண்ணு, இறால் ஃப்ரிட்ஜ விட்டு ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளிய இருக்கக்கூடாது, வெயில் 32 டிகிரிக்கு மேலன்னா ஒரு மணி நேரம்தான், அதனால கரி ரெடியாகற வரைக்கும் டப்பாவ ஐஸ் மேலயே வைங்க.