நசுங்கிய பாட்டில் – கடிதம்

அன்புள்ள சார்,

பொலிவியா பயணத்தைப் பற்றிய உங்கள் கட்டுரையில், லா பாஸிலிருந்து அமேசான் காட்டோரம் உள்ள ருரெனபாக்கேவுக்கு 'மரணச் சாலை' வழியாக 21 மணி நேரம் பஸ்ஸில் போனதாக எழுதியிருந்தீர்கள். வரைபடத்தை வைத்துத் தேடிப் பார்த்தேன். அந்தச் சாலைக்கு மாற்றாகப் புதுச்சாலை வந்து பல வருடங்கள் ஆகின்றன, பஸ்கள் அதில்தானே போகின்றன? அப்புறம் இன்னொன்று. அதே ஊருக்கு விமானத்தில் முக்கால் மணி நேரம்தான் என்கிறார்கள். கையில் காசு இருந்தும் பஸ்ஸில் போய் அவதிப்படுவது ஒருவகை வேஷம் இல்லையா? அடுத்த வருடம் நானும் தோழி ஒருத்தியும் முதுகுப்பையோடு அந்தப் பக்கம் போகிறோம். எங்களுக்கு எது சரி, பஸ்ஸா விமானமா?

க., திருச்சி

அன்புள்ள க.,

முதலில் தப்பை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். நான் போனது மரணச் சாலையில் இல்லை. பக்கத்து சீட்டுக்காரர் எதிர்மலையில் கீறல் மாதிரி ஓடிய ஒரு கோட்டைக் காட்டி ஏதோ சொன்னார். எனக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிஷில், நாங்கள் போய்க்கொண்டிருப்பதே அந்தச் சாலைதான் என்று எடுத்துக்கொண்டேன். ஊருக்கு வந்து எழுத உட்கார்ந்தபோது சந்தேகம் வந்தது. ஆனால் வாக்கியம் நன்றாக வந்துவிட்டதே என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பழைய சாலை 1930-களில் போடப்பட்டது. பராகுவேயுடன் நடந்த சாகோ போரில் பிடிபட்ட கைதிகளை வைத்து மலையை வெட்டினார்கள். பொலிவியாவில் வண்டிகள் வலப்பக்கம் போகும், ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். அந்தச் சாலையில் மட்டும் எல்லோரும் இடப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பது விதி. அப்போதுதான் இறங்கிவரும் டிரைவர் தலையை வெளியே நீட்டி, தன் சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே எவ்வளவு மண் மிச்சம் என்று பார்க்க முடியும். 1983-இல் ஒரே பஸ் விழுந்து 100 பேருக்கு மேல் இறந்தார்கள். 2006 வாக்கில் போக்குவரத்து புதுச்சாலைக்கு மாறியது. இப்போது பழைய சாலையில் பெரும்பாலும் சைக்கிள் சுற்றுலாக்காரர்கள்தான் இறங்குகிறார்கள். நான் பார்த்தது எதிர்மலையில் ஓடிய அந்தக் கீறலை மட்டும். கட்டுரையில் திருத்திவிட்டேன்.

வேஷம் என்று கேட்டீர்களே, அது கொஞ்சம் தைத்தது. வேஷமும் உண்டுதான். அந்த பஸ்ஸில் என்னையும் இன்னொரு வெளிநாட்டுப் பையனையும் தவிர யாருக்கும் அது பயணம் இல்லை. மலையில் சரக்கு வாங்கிக் கீழே விற்கப் போகிறவர்கள், மகள் வீட்டுக்குப் போகிறவர்கள். வழியில் மண் சரிந்து சாலை அடைத்துக்கொண்டபோது நான்தான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் இறங்கிக் கல்லில் உட்கார்ந்து அவித்த மக்காச்சோளத்தைப் பிரித்துத் தின்னத் தொடங்கிவிட்டார்கள். ஐந்து மணி நேரம்.

ஆனால் விமானத்தில் போனால் கிடைக்காத ஒன்று உண்டு. கட்டுரையில் எப்படியோ விட்டுப்போயிற்று. லா பாஸைத் தாண்டியதும் பஸ் முதலில் மேலேதான் ஏறும். லா கும்ப்ரே கணவாய் ஏறக்குறைய 4,650 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 60 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. நான் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் தலையணை மாதிரி உப்பிக் கிடந்தது. டிரைவர் இறங்கி, தாய்பூமிக்கு என்று சக்கரத்தில் கொஞ்சம் சாராயம் தெளித்துவிட்டு வந்தார். மண்டைவலி தாங்காமல் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்து, மூடியை இறுக்கி, காலடியில் போட்டேன்.

அங்கிருந்து இறக்கம்தான். முதலில் மஞ்சள் புல்லும் பாறையும், அப்புறம் மேகம், பிறகு அருவி சொட்டும் பச்சை. ஸ்வெட்டரைக் கழற்றினேன். காரனாவியில் சூப் குடிக்க நிறுத்தியபோது சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அதைத் தாண்டி எங்கோ மண்சரிவில் நின்றபோதுதான் டிரைவர் என்ஜினை அணைத்தார். அணைத்த மறுகணம் இருட்டு முழுக்க சில்வண்டுச் சத்தம். அவ்வளவு நேரமும் அது எங்கள் கூடவேதான் வந்துகொண்டிருந்திருக்கிறது. விடிந்து காலடியில் துழாவினால் பாட்டில் கிடைத்தது, யாரோ கையால் பிழிந்த மாதிரி நசுங்கி. யாரும் தொடவில்லை. 4,000 மீட்டருக்கு மேல் இறங்கியதில் வெளிக்காற்று அழுத்தி அழுத்தி அப்படி ஆக்கியிருக்கிறது. ருரெனபாக்கே கடல்மட்டத்திலிருந்து அதிக உயரம் இல்லாத தாழ்நிலம் என்று நூறு இடத்தில் படித்திருந்தேன். அந்தப் பாட்டிலைக் கையில் எடுத்தபோதுதான் உறைத்தது.

அதேசமயம், பஸ் ஜன்னலில் காட்டைப் பார்த்துவிடலாம் என்று நம்பிப் போகாதீர்கள். யுகுமோவுக்கு அப்புறம் சாலையின் இருபுறமும் மலையிலிருந்து இறங்கிவந்து குடியேறியவர்களின் வயல்களும் மேய்ச்சல் நிலமும்தான். சாலை வந்த இடத்தில் மரம் போய்விட்டது. காட்டைப் பார்க்கப் போன நான் விடியலில் பார்த்தது திமில் வைத்த வெள்ளை மாடுகளை. அந்த இனத்துக்கு அங்கே பெயர் நெலோர். ஆமாம், நம் நெல்லூர்தான். அந்தக் காலத்தில் பிரேசிலுக்குக் கப்பலேறிய ஓங்கோல் மாடுகளின் வம்சம். 21 மணி நேரம் குலுங்கிப் போய் ஆந்திரா மாட்டைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று வீட்டில் இன்னும் சிரிக்கிறார்கள். காடு வேண்டுமானால் ருரெனபாக்கேவிலிருந்து நீளப் படகில் ஏறி, பெனி ஆற்றில் மடிடி தேசியப் பூங்கா பக்கம் போக வேண்டும்.

ஆகவே, மே முதல் அக்டோபர் வரையான வறண்ட மாதங்களில் போவதானால் போகும்போது பஸ், திரும்பும்போது விமானம். பகல் வண்டியாகப் பாருங்கள். இரவு வண்டியில் போய்த் தூங்கிவிட்டால் விமானத்திலேயே போயிருக்கலாம். முடிந்தால் வழியிலிருக்கும் மலையூரான கொரோய்கோவில் ஒரு நாள் தங்கி, மறுநாள் இறங்குங்கள். நான் போன மாதிரி ஜனவரியில் போகாதீர்கள். அந்த மழையில் விமானமும் ரத்தாகும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிளம்புவதற்குப் 10 நாட்களுக்கு முன்பாவது, அரசு அங்கீகரித்த மையத்தில் போட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் திரும்பி வந்தால் நம் விமான நிலையத்திலேயே 6 நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள்.

அப்புறம் சில்லறை. நான் போன சமயம் வழியில் கழிப்பறைக்கு ஒரு பொலிவியானோ (அந்த நாட்டுப் பணம்), கூடவே மடித்த காகிதம் கொஞ்சம் தந்தார்கள். நள்ளிரவில் நான் நூறு பொலிவியானோ நோட்டை நீட்டினேன். வாசலில் உட்கார்ந்திருந்த பாட்டி நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கையை வேலிப்பக்கம் காட்டிவிட்டாள்.