பெயரை விடுங்கள், ஊரைப் பிடியுங்கள்

கேள்வி: என் அமெரிக்க யூத நண்பரின் பூட்டனார் போலந்துப் பக்கமிருந்து போனவர். நியூயார்க்கின் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையத்தில் இறங்கியபோது அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்களாம். பெயரே தொலைந்தபின் பூர்வீகத்தைத் தேட முடியுமா?

பதில்: அந்த அதிகாரிகள் பாவம், அவர்களை விட்டுவிடுவோம். எல்லிஸ் தீவில் யாரும் புதுப் பெயர் வைக்கவில்லை. பயணிகள் பட்டியலை ஹாம்பர்க், பிரெமன் போன்ற துறைமுகங்களிலேயே கப்பல் கம்பெனிக்காரர்கள் எழுதிவிடுவார்கள். நியூயார்க்கில் அதை வைத்துச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். பெயரை மாற்றியது பெரும்பாலும் குடும்பத்தாரே. கரையேறிச் சில வருடம் கழித்து, வேலைக்காகவும் பிள்ளைகளின் படிப்புக்காகவும் சுருக்கிக்கொண்டார்கள். தாத்தாவைக் குறை சொல்ல மனமில்லாமல் பேரன்கள் அதிகாரி தலையில் பழியைப் போடுகிறார்கள் என்பது என் சந்தேகம்.

அந்தக் குடும்பப் பெயரும் அப்படியொன்றும் பழையதல்ல. கலீசியா, அதாவது போலந்திடமிருந்து ஆஸ்திரியா பிடித்துக்கொண்ட பகுதி; அங்கிருந்த யூதர்கள் நிலையான பெயர் வைத்துக்கொண்டது, ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப் 1787இல் போட்ட ஆணைக்குப் பிறகுதான். ரஷ்யப் பேரரசில் அதற்கான சட்டம் 1804இல் வந்தது. கலீசியாவில் இன்னொரு கூத்தும் உண்டு. யூத மதகுருவான ரபி முன்னால் கல்யாணம் செய்துகொண்டு அரசாங்கத்தில் பதியாமல் விட்டால், குழந்தை தாயின் குடும்பப் பெயரில் பதிவாகும். பிறகு பதிந்துகொண்டால் அடுத்த குழந்தைக்குத் தகப்பன் பெயர். கூடப்பிறந்த இருவருக்கு இரண்டு குடும்பப் பெயர்!

ஆகவே உங்கள் நண்பர் தேட வேண்டியது தகப்பன் பெயரும் ஊரும். அதற்குப் போலந்துக்கு ஓட வேண்டாம், அமெரிக்காவிலுள்ள பூட்டனாரின் கல்லறைக்குப் போகச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் மாரிஸ் என்று இருக்கும் கல்லில், எபிரேய எழுத்தில் 'மோஷே, இட்ஸ்காக்கின் மகன்' என்று இருக்கும். ஒரே கல்லில் இரண்டு தலைமுறை கிடைத்துவிட்டது. ஆசி வழங்கும் இரு கைகள் செதுக்கியிருந்தால் கோஹன் எனும் ஆசாரியர் வம்சத்தவர். தண்ணீர்க் குடம் இருந்தால் லேவியர், கோயில் பணியாளர் வம்சம். வருடத்தையும் யூத நாட்காட்டிப்படி எபிரேய எழுத்துகளில்தான் குறிப்பார்கள், அதிலும் ஆயிரத்தை விட்டுவிட்டு. 683 என்று வந்தால் அது 5683. அதில் 3760ஐக் கழித்தால் 1923. செப்டம்பர் வாக்கில் வரும் யூதப் புத்தாண்டுக்கும் டிசம்பர் முடிவுக்கும் இடையில் இறந்திருந்தால் மட்டும் 1922.

அப்புறம், கல் எந்த வரிசையில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள் நியூயார்க்கில் ஊர்ச் சங்கம் வைத்து, கல்லறை நிலத்தை மொத்தமாக வாங்கிப் போட்டார்கள். அந்தப் பகுதியின் வாசல் தூணிலேயே ஊர்ப்பெயர் இருக்கும்.

கேள்வி: ஊர்ப்பெயர் கிடைத்தாலும் இன்றைய வரைபடத்தில் அது இல்லாவிட்டால்?

பதில்: இருக்கும், வேறு பெயரில். லெம்பெர்க் 1918 வரை ஆஸ்திரியாவில். அதுவே போலந்தில் ல்வூஃப் ஆகி, சோவியத்தைக் கடந்து, இன்று உக்ரைனின் ல்வீவ். ஊர் நகரவில்லை, எல்லைதான் நகர்ந்தது. ஜூயிஷ்ஜென் என்ற யூத வம்சாவளி இணையதளத்தில் பழைய பெயரைப் போட்டால் இன்றைய பெயர் வரும்.

கேள்வி: நாஜிகள் கையில் குடும்பமே அழிந்திருந்தால் யாரிடம் கேட்பது?

பதில்: ஜெருசலேமிலுள்ள யாத் வஷெம் என்ற யூதப் படுகொலை நினைவகம் 1950களிலிருந்து சாட்சிப் படிவங்களைச் சேகரித்துவருகிறது. இறந்தவருக்கு ஆளுக்கொரு தாள்: பெற்றோர், துணைவர், ஊர், தொழில். எல்லோரும் மேல்பாதியைப் படித்து அழுதுவிட்டு மூடிவிடுகிறார்கள். கீழே படிவத்தை நிரப்பியவரின் பெயரும் உறவும் இருக்கின்றன. 'தங்கை மகன்' என்று ஒருவர் கையெழுத்திட்டிருந்தால், உயிர்தப்பிய ஒரு கிளை இருந்தது என்று அர்த்தம். அவருடைய பிள்ளைகளைத் தேடலாம். நாஜிக் கொடுமைக்கு ஆளானவர்களின் தாள்களைக் காக்கும் ஜெர்மனியின் ஆரோல்சன் ஆவணக் காப்பகத்திலும் கேட்கலாம், சுமார் 1.75 கோடி பேரைப் பற்றிய தாள்கள் அங்கே இருக்கின்றன.

கேள்வி: இவ்வளவு எதற்கு? எச்சிலைத் துப்பி டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பினால் போதாதா?

பதில்: அனுப்பலாம், ஆயிரக்கணக்கில் 'உறவினர்' வந்து குவிவார்கள். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் இடைக்காலத்தில் சுமார் 350 பேர் அளவுக்குச் சுருங்கியிருந்த ஒரு கூட்டத்திலிருந்து பெருகியவர்கள் என்று 2014இல் ஒரு மரபணு ஆய்வு கணக்கிட்டது. பிறகும் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்ததால், தூரத்துச் சொந்தமும் கிட்டத்துச் சொந்தமாகத் தெரியும். பட்டியலில் நீளமான டி.என்.ஏ. துண்டுகள் பொருந்துகிறவர்களுக்கு மட்டும் எழுதச் சொல்லுங்கள். முதல் கடிதத்திலேயே ஊர்ப்பெயரைக் குறிப்பிட்டுவிடட்டும்.