வெள்ளிக்கிழமை விருந்தும் வாடகை வீடும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் ஒஹாயோ மாநிலத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். இங்குள்ள சபை ஒன்று வெளிநாட்டு மாணவர்களிடையே செய்யும் ஊழியத்தில் நான்கு ஆண்டுகளாக உதவுகிறேன். புதிதாக வருபவர்களை விமான நிலையத்திலிருந்து அழைத்துவருவது, பழைய மெத்தையும் மேசையும் தேடிக் கொடுப்பது, வெள்ளிக்கிழமை இரவு விருந்து, பிறகு வேதபாடம் என்று எங்கள் வேலை நடக்கிறது.

சென்ற மாதம் எங்கள் குழுவுக்கு வரும் நைஜீரிய மாணவர் ஒருவர் வாடகைக்கு வீடு பார்க்கப் போனார். தொலைபேசியில் வீடு காலியாக இருக்கிறது என்றவர்கள், அவரை நேரில் பார்த்ததும் நேற்றே ஆள் வந்துவிட்டது என்றார்கள். அன்று மாலையே எங்கள் வெள்ளை நண்பர் ஒருவர் போய்க் கேட்டபோது கதவைத் திறந்து வீட்டைச் சுற்றிக் காட்டினார்கள். அந்த வார விருந்தில் நைஜீரிய மாணவர் இதை ஜெபக்குறிப்பாகச் சொன்னார். நாம் அவரோடு போய் வீட்டு உரிமையாளரிடம் பேச வேண்டும் என்றேன். ஊழியத்தை நடத்தும் மூத்தவரோ, "நாம் சுவிசேஷம் சொல்ல அழைக்கப்பட்டவர்கள், இது அரசியல், சபையைப் பிரித்துவிடும், ஜெபிப்போம்" என்று அன்பாகவே சொல்லி முடித்துவிட்டார். நான் கேட்டது தவறா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் கேட்டது தவறில்லை. அந்த மூத்தவரையும் நான் குறைத்துப் பேச விரும்பவில்லை; முகம் தெரியாத பிள்ளைகளுக்காக வாரந்தோறும் அடுப்பு மூட்டுகிறவரின் அன்பை நாம் சந்தேகிக்கக் கூடாது. ஆனால் வெளிநாட்டு மாணவரிடையே கிறிஸ்தவர்கள் பணி செய்யத் தொடங்கிய கதையை அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தால், தாம் அரசியல் என்று ஒதுக்கிவைப்பது அந்தப் பணிக்குள்ளேயே இருந்திருப்பதைக் காண்பார்.

1909இல் நியூயார்க்கில், கிறிஸ்தவ இளைஞர் சங்கமான ஒய்.எம்.சி.ஏ.வின் பணியாளரான ஹாரி எட்மண்ட்ஸ், கொலம்பியா பல்கலைக்கழக நூலகப் படிகளில் எதிர்ப்பட்ட சீன மாணவர் ஒருவருக்குக் காலை வணக்கம் சொன்னார். தாம் நியூயார்க்குக்கு வந்து மூன்று வாரங்கள் ஆகின்றன, தம்மிடம் பேசிய முதல் ஆள் அவர்தான் என்று அந்த மாணவர் பதில் சொன்னார். அந்தச் சொல் எட்மண்ட்ஸை உறுத்தியது. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அவரும் மனைவியும் வெளிநாட்டு மாணவர்களை உணவுக்கு அழைக்கத் தொடங்கினார்கள். அது வளர்ந்து 1924இல் இன்டர்நேஷனல் ஹவுஸ் என்ற பெரிய விடுதியாயிற்று. இதுவரையில் எல்லோருக்கும் பிடித்த கதை. இதற்கு அடுத்த பகுதியைச் சொல்பவர்கள் குறைவு. கலிபோர்னியாவின் பெர்க்லியில் இரண்டாவது விடுதிக்கு இடம் தேடியபோது, எட்மண்ட்ஸ் வேண்டுமென்றே பீட்மாண்ட் அவென்யூவைத் தேர்ந்தெடுத்தார். வெளிநாட்டவரையும் வெள்ளையரல்லாதோரையும் சேர்க்காத மாணவர் சங்க இல்லங்கள் இருந்த தெரு அது. எல்லா நிறத்தவரும் ஒரே கூரையின்கீழ் தங்குவதா என்று ஊரார் திரளாகக் கூடி எதிர்த்தார்கள். அந்தக் கூட்டத்திலேயே டெலைலா பீஸ்லி என்ற கறுப்பினப் பத்திரிகையாளர் எழுந்து விடுதிக்காக வாதாடினார். 1930இல் அதே தெருவில் விடுதி திறக்கப்பட்டது. வணக்கம் சொன்ன மனிதர், வணக்கம் பெற்றவருக்கு இந்த ஊரில் யார் வீடு தருவார்கள் என்ற கேள்விக்கும் பதில் தேடவேண்டி வந்தது. உங்கள் கேள்வியும் அதுதான்.

அந்தக் கேள்வியைத் தட்டிக்கழித்த ஒரு சபையின் கதையையும் சொல்ல வேண்டும். சாம் ஓனி கானா நாட்டவர். அமெரிக்கத் தென் மாநிலங்களின் பாப்டிஸ்ட் சபைகள் காணிக்கை சேர்த்து அனுப்பிய மிஷனெரி ஒருவரால் விசுவாசத்துக்கு வந்தவர். ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரிலுள்ள மெர்சர் பல்கலைக்கழகத்துக்கு, பாப்டிஸ்டுகளே நடத்திய அந்தப் பல்கலைக்கழகத்துக்கு, அது சேர்த்துக்கொண்ட முதல் கறுப்பின மாணவராக 1963இல் வந்தார். வெள்ளை மாணவர் ஒருவர் அவரோடு அறையைப் பகிர்ந்துகொண்டார். நகரிலிருந்த ஒரு பாப்டிஸ்ட் சபை, வாக்குவாதங்களுக்குப் பிறகுதான் என்றாலும், அவரை உறுப்பினராக ஏற்றது. ஆனால் பல்கலைக்கழக வளாகத்தின் ஓரத்திலேயே நின்ற டாட்னல் ஸ்கொயர் பாப்டிஸ்ட் ஆலயம் கறுப்பினத்தவரை உள்ளே விடுவதில்லை என்று முடிவெடுத்திருந்தது. 1966 செப்டம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை, ஓனி ஆராதனைக்குப் போனார். சபையின் பொறுப்பாளர்களான டீக்கன்மார் படியிலேயே அவரை மறித்தார்கள். வெளியே அவரைத் தடுத்துக்கொண்டிருந்த அதே காலையில், உள்ளே சபையார் வாக்கெடுத்து, கதவைத் திறக்க வேண்டும் என்று நின்ற போதகர் தாமஸ் ஹோம்ஸையும் அவருடைய உடன் ஊழியர் இருவரையும் பதவியிலிருந்து நீக்கினார்கள்.

இதில் என்னை உறங்கவிடாதது டீக்கன்மாரின் கடுமை அல்ல. கடல் கடந்து கானாவுக்குப் போய் அவரைச் சகோதரன் என்று அழைக்கப் பணம் கொடுத்த சபைகள் எவையோ, அவற்றைச் சேர்ந்தவர்களே அவரை வாசலில் மறித்தார்கள். அவர்கள் அனுப்பிய சுவிசேஷத்தை அவர் முழுதாக நம்பிவிட்டார். அனுப்பியவர்கள் அவ்வளவு தூரம் நம்பவில்லை. உங்கள் நைஜீரிய நண்பரும், நீங்கள் வேதபாடத்தில் சொல்வதை முழுதாக நம்பித்தான் தம் அவமானத்தை அந்த விருந்தில் வாய்திறந்து சொல்லியிருக்கிறார். மேலே வேறு பேச்சில்லாமல் ஜெபத்தோடு முடித்துவிட்டால், இங்கே எவ்வளவு சொல்லலாம் என்ற அளவை அவர் அன்றிரவே கற்றுக்கொள்வார். அடுத்த முறை பரீட்சைக்கு மட்டும் ஜெபிக்கச் சொல்வார்.

சுவிசேஷம் வேறு, இது வேறு என்பவரோடு உட்கார்ந்து, வேதத்தில் பவுல் எழுதிய கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை வாசியுங்கள். அந்தியோகியாவில் யூதரல்லாத புறஜாதியாரோடு பந்தியில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து தம்மவர்கள் வந்ததும் மெல்ல விலகிக்கொண்டார். யாரையும் அவர் வையவில்லை, அடிக்கவில்லை. எழுந்து போனார், அவ்வளவுதான். பவுல் அதைப் பழக்கவழக்கப் பிரச்சினை என்றோ ஊர் அரசியல் என்றோ விட்டுவிடாமல், சுவிசேஷத்தின் சத்தியத்திற்கேற்றபடி சரியாய் நடவாமை என்று எல்லோருக்கும் முன்பாகவே சொல்கிறார். யார் யாரோடு சாப்பிடுவது என்பதில் சுவிசேஷம் அடங்கியிருக்கிறது என்றால், யார் யாருக்கு வீடு கொடுப்பது என்பதிலும் அடங்கியிருக்கிறது.

இந்த அதிகாரம் எனக்கு வெறும் பாடம் அல்ல. மாணவனாக அமெரிக்காவில் இருந்தபோது நானும் இப்படி ஒரு சபைக் கூடத்தில் சாப்பிட்டிருக்கிறேன். நீள மேசை, காகிதத் தட்டு, மார்பில் பெயரும் நாடும் எழுதி ஒட்டிய சீட்டு. தமிழ்ப் பிள்ளைகள் நான்கு பேர் ஒன்றாக உட்கார்ந்திருந்தோம். கென்யாவிலிருந்து வந்த ஒருவர் தட்டோடு வந்து எங்கள் எதிரில் அமர்ந்தார். எங்களில் ஒருவன், "வாங்கடா, அந்தப் பக்கம் போயிடலாம்" என்றான். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அந்தக் குரல் தெரிந்திருந்தது. மூவர் எழுந்தார்கள். நானும் எழுந்தேன். சாப்பாடு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, அவர் வழக்கம்போல் சமையலறையில் காபிப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய் ஒரு துணியை எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. வெள்ளையர் நம்மை எப்படி நடத்துகிறார்கள் என்று வருந்துகிற நாம், கறுப்பைப் பழிக்கும் சொற்களையும் சாதியையும் பெட்டியில் மடித்து வைத்துக் கொண்டுபோகிறோம். உங்கள் குழுவில் இந்தப் பேச்சை எடுக்கும்போது தமிழ்ப் பிள்ளைகளிடமிருந்தே தொடங்குங்கள்.

நம்மவர் ஒருவரையும் இங்கே நினைக்கிறேன். யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையைச் சேர்ந்த டி.டி. நைல்ஸ் சுவிசேஷகர் என்றே உலகெங்கும் அறியப்பட்டவர். உலக மாணவர் கிறிஸ்தவ சம்மேளனத்துக்குத் தலைமை வகித்தவர். 1968 ஜூலையில் ஸ்வீடனின் உப்சாலாவில் கூடிய உலகச் சபைகளின் மாமன்றத்தில் தொடக்கப் பிரசங்கம் செய்ய அழைக்கப்பட்டிருந்தவர் மார்ட்டின் லூதர் கிங். ஏப்ரலில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டதால், அந்த இடத்தில் நின்று பிரசங்கித்தவர் நைல்ஸ். சுவிசேஷகர் நிற்கத் தகாத இடம் அது என்று அவருக்குத் தோன்றவில்லை.

கிங் இறந்த ஒரே வாரத்தில் கையெழுத்தானதுதான் அமெரிக்காவின் நியாய வீட்டுவசதிச் சட்டம். நிறம், இனம், மதம், பிறந்த நாடு ஆகியவற்றைக் காரணமாக வைத்து வாடகை வீட்டை மறுப்பதும், இருக்கிற வீட்டை இல்லை என்பதும் அதன்படி சட்டவிரோதம். கூட்டாட்சி அரசின் வீட்டுவசதித் துறையிடம் ஓராண்டுக்குள் புகார் கொடுக்கலாம். உங்கள் வெள்ளை நண்பர் மாலையில் போய்க் கேட்டாரே, இத்தகைய பாகுபாட்டைக் கண்டுபிடிக்க வீட்டு உரிமை அமைப்புகள் கையாளும் முறையே அதுதான். ஆகவே இருவரும் போன நேரம், பேசியவர் சொன்ன சொற்கள், விளம்பரத்தின் படம் எல்லாவற்றையும் மறப்பதற்குமுன் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

ஆனால் எதையும் செய்வதற்குமுன் அந்த நைஜீரிய மாணவரைக் கேளுங்கள். மாணவர் விசாவில் இருப்பவருக்குப் புகார், வழக்கு என்ற சொற்களே வயிற்றைக் கலக்கும். நம் கோபத்துக்கு அவரைக் கொடியாக்கக் கூடாது. அவர் வேண்டாம் என்றால் புகார் வேண்டாம். அப்போதும் அடுத்த வீடு பார்க்கப் போகும்போது கூடவே போகலாம். உங்கள் சபையில் வாடகைக்கு வீடு விடுகிறவர்கள் கட்டாயம் இருப்பார்கள். அவர்களிடம் அந்த மூத்தவரே கேட்கட்டும். அவரிடம் வாதம் செய்வதைவிட இந்த ஒரு காரியத்தை அவர் கையில் கொடுப்பது நல்லது என்று நினைக்கிறேன். அவ்வளவு அன்புள்ளவர் மறுக்க மாட்டார்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். அந்த மாணவருக்கு வீடு கிடைத்ததா என்று அதில் இல்லை. அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள்.