மடிப்பு கலையாமல் நிற்க

கேள்வி: இறுதியாண்டுப் பாவாடைக்காகப் பருத்தித் துணியில் நெருக்கமாக மடிப்பெடுத்து இஸ்திரி போட்டேன், ஒரே சலவையில் கலைந்துவிட்டது. மடிப்பு நிலைக்க வழி உண்டா?
– ஜவுளி வடிவமைப்பு மாணவி

பதில்: ஈரம் பட்டதும் பருத்தி இழை இளகி மடிப்பை விட்டுவிடும். பாலியெஸ்டரோ சூட்டில் இளகி, ஆறும்போது பெற்ற வடிவத்தையே பிடித்துக்கொள்ளும். ஜப்பானிய வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகே 1993-இல் அறிமுகப்படுத்திய மடிப்பாடைகளில், உடையைப் பன்மடங்கு பெரிதாகத் தைத்து முடித்த பிறகே, காகிதங்களுக்கிடையே வைத்துச் சூட்டோடு அழுத்தினார்கள். எனவே பாலியெஸ்டர் மிகுந்த கலப்புத் துணியை எடுத்து, கீழ் விளிம்பை முதலில் தைத்துவிட்டு மடிப்பெடுங்கள். அழுத்திய பின் முழுவதும் ஆறும்வரை காகிதத்தைப் பிரிக்காதீர்கள் (பலரும் அவசரப்படுவது இங்கேதான்). இடைவெளியின்றி அடுக்கும் ஒருபக்க மடிப்பென்றால், 30 அங்குல இடுப்புக்கு 90 அங்குலத் துணி வேண்டும். பருத்தியே வேண்டுமெனில், ஒவ்வொரு மடிப்பின் ஓரத்தையும் தையலிட்டு நிறுத்துங்கள்.